மீன் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

ஆர்ஓவில் வடித்த கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றித் தொடங்கிய தொட்டி முதல் மாதம் பளிங்கு மாதிரி இருக்கும். இரண்டாம் மாதம் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பார்த்தால் 6-க்கும் கீழே போயிருக்கும். அதே தெருவில் இன்னொரு வீட்டில் போர் தண்ணீர், டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம், மி.கி. கணக்கில்) 1,400. அங்கே கப்பி குட்டிமேல் குட்டி போடுகிறது, பக்கத்துத் தொட்டியில் நியான் டெட்ரா ஒரு வாரம் தாங்கவில்லை. இரண்டு வீட்டிலும் தண்ணீர் அழுக்காக இல்லை. கரைந்திருக்கும் உப்பின் அளவுதான் அந்தந்த மீனுக்குப் பொருந்தவில்லை.

நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறுகிறது. மீன் அதைச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டே, கூடவே இழக்கும் சோடியத்தையும் கால்சியத்தையும் செவுளால் தண்ணீரிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. இழுப்பதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். வெறும் ஆர்ஓ தண்ணீரில் அது மிகக் குறைவு.

இதைவிட வேகமாக ஆளைக் கவிழ்ப்பது பில்டர் பக்கம் நடப்பது. பில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 1 மி.கி. அமோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 7 மி.கி. காரத்தன்மை செலவாகும். அந்தக் காரத்தன்மையின் இருப்பைத்தான் கேஎச் என்ற அளவு காட்டுகிறது. குழாய்த் தண்ணீரில் இருப்பு உண்டு, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது திரும்ப நிரம்பும். ஆர்ஓவில் கையிருப்பே கிடையாது. இருந்த கொஞ்சமும் தீர்ந்ததும் பிஎச் சடாரென்று விழும், பாக்டீரியா மந்தமாகும், அமோனியா தேங்கும். மீன் சாகும்போது தண்ணீர் அப்போதும் பளிங்குதான்.

முதலில் அளவு

வாங்க வேண்டியவை நான்கு: டிடிஎஸ் பேனா, ஜிஎச் (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) சொட்டு மருந்து, கேஎச் சொட்டு மருந்து, பிஎச் சோதனை. மாநகராட்சித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வருகிற வீட்டில் குளோரினுக்கான ஓடிஓ சொட்டும் வேண்டும். தண்ணீர் எவ்வளவு மஞ்சளாகிறதோ அவ்வளவு குளோரின் என்று அர்த்தம். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அந்தச் சொட்டு நஞ்சு.

டிடிஎஸ் பேனாவை மட்டும் நம்பி முடிவெடுப்பதுதான் இங்கே பரவலான தவறு. அது கரைந்திருப்பதன் மொத்தத்தைச் சொல்லும், கரைந்திருப்பது எது என்று சொல்லாது. 900 என்று காட்டுகிற தண்ணீரில் ஜிஎச் 25 டிகிரி இருந்தால் அது கால்சியம், மெக்னீசியம் நிறைந்த கடின நீர். கப்பி, மோலிக்கு விருந்து. அதே 900-இல் ஜிஎச் 8 மட்டும் இருந்தால் மீதியில் பெரும்பங்கு சோடியம். கடலோரப் போரில் உப்பு ஏறியிருக்கும், அல்லது அடுக்குமாடியில் சாப்ட்னர் வைத்திருப்பார்கள். சாப்ட்னர் என்பது கால்சியத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் சேர்க்கும் கருவி. வாளியில் சோப்பு நன்றாக நுரைக்கும், டிடிஎஸ் இறங்கவே இறங்காது. மீன், செடி இரண்டுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். சாப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறதா என்று பிளம்பரிடமோ காவலாளியிடமோ கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தோட்டத்துக்குப் போகிற இணைப்பு அங்கிருந்துதான் வரும்.

ஜிஎச், கேஎச் சோதனை எளிது. 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணினால், ஒரு சொட்டு ஒரு டிகிரி. 1 டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆர்ஓ போன்ற மென்மையான நீரில் 10 மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரை டிகிரி, கணக்கு துல்லியமாக வரும்.

பிஎச்சை மட்டும் உடனே பார்க்காதீர்கள். போர் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து கரியமில வாயுவைச் சுமந்துகொண்டு வருகிறது. பிடித்தவுடன் 7.2 காட்டுவது, ஒரு நாள் ஏர் பம்ப் ஓடியபின் 8 காட்டும். தொட்டியில் நிலைக்கப்போவது இரண்டாவது எண்.

எந்த எண்ணுக்கு எந்த முடிவு

கேஎச் 4 முதல் 12 வரை, டிடிஎஸ் 500 வரை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. குளோரினை நீக்கிவிட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்றுங்கள். பார்ப், டேனியோ, கௌராமி, ஏஞ்சல், பைட்டர், கோரி, கோல்ட்பிஷ் எல்லாமே இதில் நன்றாக வாழும். ஆர்ஓ வாங்கும் காசுக்கு நல்ல பில்டர் வாங்கலாம்.

500 முதல் 1,000 வரை, அதில் கடினத்தன்மையும் இருக்கிறது என்றால் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால், கோல்ட்பிஷ், பிளவர்ஹார்ன், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வகைகள் இந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கும் ஜாதி. இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. சென்னை கொளத்தூர் சந்தையில் விற்கும் ஏஞ்சலும் கௌராமியும் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் நிலத்தடி நீரில் பிறந்து வளர்ந்தவை. அமேசான் மீன் என்று இணையத்தில் படித்துவிட்டு, போர் தண்ணீரில் பிறந்த ஏஞ்சலை வெறும் ஆர்ஓவில் விடுவது அதற்குச் செய்யும் கொடுமை.

1,000-க்கு மேல் என்றால் ஆர்ஓவைக் கலந்தே ஆக வேண்டும், கப்பி, மோலி மட்டும் வளர்ப்பதானால் தவிர.

கேஎச் 3-க்குக் கீழே என்றால் உங்களுக்கு நேர் எதிரான வேலை. மலையிலிருந்து வரும் சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற கோவை வீடுகளில் குழாய்த் தண்ணீரே மென்மையானது. அங்கே ஆர்ஓ வாங்கி ஊற்றுவதில் அர்த்தமே இல்லை. கழுவிக் காய்ந்த கிளிஞ்சலை ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி பில்டருக்குள் போடுங்கள். அமிலம் ஏற ஏற அது கரைந்து கேஎச்சைத் தாங்கிப் பிடிக்கும். யாழ்ப்பாணம் இதற்கு மறுகோடி: சுண்ணாம்புக்கல் நிலம், கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும் கிணற்று நீர். அங்கே கிளிஞ்சலைத் தொடவே வேண்டாம்.

ஆர்ஓ உண்மையிலேயே தேவைப்படுகிற மீன்கள் சிலவே. கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட், டிஸ்கஸ் ஆகியவற்றுக்கு டிடிஎஸ் 80 முதல் 250 வரை. டெட்ராவும் டிஸ்கஸும் முட்டையிட்டுப் பொரிக்க வேண்டுமானால் 100-ஐ ஒட்டி இருப்பது நல்லது, கடின நீரில் முட்டைகள் வீணாவது அதிகம். கிரிஸ்டல் ரெட் போன்ற பீ இறாலுக்கு ஜிஎச் 4 முதல் 6, கேஎச் 0 முதல் 1, டிடிஎஸ் 100 முதல் 150. செர்ரி இறாலுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஜிஎச் 6-க்கு மேல், கேஎச் 2-க்கு மேல் இருந்தால் குழாய்த் தண்ணீரிலேயே பெருகும்.

குழாய்த் தண்ணீரைத் தயார் செய்வது

குடிநீரில் கடைசிக் குழாய் வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. செவுளைப் பொசுக்க அதுவே போதும். லாரித் தண்ணீரில் இன்னும் தூக்கலாக இருக்கலாம். சம்பிலும் மாடித் தொட்டியிலும் ஒரு நாள் தங்கினால் கொஞ்சம் குறையும். ஆனால் டேங்க் கழுவிய வாரம் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அன்று தண்ணீர் மாற்றுவதை ஒத்திப்போடுங்கள்.

வாய் அகன்ற வாளியில் பிடித்து, ஏர் கல் போட்டு 24 மணி நேரம் விட்டால் குளோரின் போய்விடும். மூடிய டிரம்மில் வைத்தால் போகாது. அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கரைசல்தான். படிகமாக வாங்கி நீங்களே கரைத்துக்கொள்ளலாம்: 10 கிராமைக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லியாக்குங்கள். இதில் 1 மில்லி, 10 லிட்டர் தண்ணீருக்கு. லிட்டருக்கு 1.4 மி.கி. வரை குளோரினை அது முறிக்கும். லாரித் தண்ணீருக்கு 2 மில்லி. இருட்டுப் பாட்டிலில் வைத்து, கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது பெயரில் எச்சரிக்கை. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் தயோசல்பேட்டை "ஹைப்போ" என்பார்கள். துப்புரவுப் பொருள் கடையில் "ஹைப்போ" என்று கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொடுப்பார்கள், அது குளோரினேதான். ஒரே சொல், ஒன்று மருந்து, மற்றது விஷம். படிகமா திரவமா என்று பாருங்கள், முழுப் பெயரைப் படித்த பிறகே வாங்குங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த முறைகள் போதாது. அங்கே குழாயில் வருவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோராமின். ஒரு நாள் வைத்தாலும் போகாது. வெறும் தயோசல்பேட் அதை உடைத்தால் அமோனியா மிஞ்சும். அமோனியாவையும் கட்டுப்படுத்தும் கண்டிஷனர் என்று லேபிளில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜன் குறைவு, சில இடங்களில் இரும்பும் உண்டு. ஒரு நாள் காற்று கொடுத்தால் இரும்பு பழுப்பாக அடியில் படியும். மேலேயுள்ள தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். விவசாய நிலங்களுக்கு நடுவிலும், கழிவுநீர்த் தொட்டிகள் நெருங்கிய பழைய தெருக்களிலும் நைட்ரேட் இருக்க வாய்ப்புண்டு. குழாயிலேயே லிட்டருக்கு 40 மி.கி. நைட்ரேட் வந்தால் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் பாசி அடங்காது. ஆர்ஓ கலப்பதற்கு டிடிஎஸ்ஸைவிட நியாயமான காரணம் இது.

மே மாதத்தில் ஒன்று: மாடித் தொட்டித் தண்ணீர் பகலில் கையைச் சுடும். தண்ணீர் மாற்றுவது விடியற்காலையில், தொட்டிக்கும் வாளிக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல்.

ஆர்ஓவைக் கலப்பது

கணக்கு எளிது. குழாயின் டிடிஎஸ்ஸிலிருந்து உங்களுக்கு வேண்டிய டிடிஎஸ்ஸைக் கழியுங்கள். வந்ததை, குழாய் டிடிஎஸ்ஸுக்கும் ஆர்ஓ டிடிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கிடைப்பது ஆர்ஓவின் பங்கு. போர் 1,100, ஆர்ஓ 60, வேண்டியது 300 என்றால், 800-ஐ 1,040-ஆல் வகுக்க 0.77. இருபது லிட்டர் வாளிக்கு 15.4 லிட்டர் ஆர்ஓ, 4.6 லிட்டர் போர். போரில் கேஎச் 18 இருந்தால் கலவையில் 4 வரும். ஜிஎச் 26 இருந்தால் 6. இந்த முறையின் அழகே அதுதான்: இறக்கிய பிறகும் கால்சியமும் கேஎச்சும் அளவாக மிஞ்சுகின்றன, எந்தப் பொடியும் வாங்க வேண்டாம். கலவையை டிரம்மில் கலந்து, காற்று கொடுத்து, அளந்து பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். இரண்டையும் தனித்தனியே நேராகத் தொட்டியில் ஊற்றிக் கலக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீர் கலக்கவே லாயக்கில்லை, முழுக்க சோடியம் என்றால், வெறும் ஆர்ஓவில் தாதுக்களைச் சேர்க்க வேண்டியதுதான். 100 லிட்டருக்கு ஒரு டிகிரி ஏற்ற வேண்டிய அளவுகள்:

கேஎச்சுக்கு ஆப்ப சோடா 3 கிராம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள்.
ஜிஎச்சுக்கு, கால்சியமாக ஏற்ற ஜிப்சம் 3.1 கிராம், அல்லது மெக்னீசியமாக ஏற்ற எப்சம் உப்பு 4.4 கிராம்.

ஐம்பது லிட்டர் ஆர்ஓவை ஜிஎச் 4, கேஎச் 2-க்குக் கொண்டுவர ஜிப்சம் 4.6 கிராம், எப்சம் 2.2 கிராம், ஆப்ப சோடா 3 கிராம். கால்சியம் மூன்று பங்கு, மெக்னீசியம் ஒரு பங்கு என்ற கணக்கு இது. ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், முந்தின இரவே வாளியில் போட்டு ஏர் கல்லை ஓடவிடுங்கள். கட்டடக்காரர்களின் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாவு வேண்டாம். கிராம் தராசு இல்லாமல் டீஸ்பூன் கணக்கில் இதைச் செய்யக் கூடாது. கல்லுப்பு போட்டால் டிடிஎஸ் ஏறும், ஜிஎச்சும் கேஎச்சும் அப்படியே பூஜ்யத்தில் நிற்கும். "ஆர்ஓவில் ஒரு பிடி கல்லுப்பு" என்கிற அறிவுரை அதனால்தான் பலனளிப்பதில்லை.

வீட்டுக் குடிநீர் ஆர்ஓ கருவியிலிருந்து எடுப்பவர்கள் மெம்பிரேனுக்கு (உப்பை வடிகட்டும் சவ்வு) பிறகு என்னென்ன கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலவற்றில் சுவைக்காக மினரல் கார்ட்ரிட்ஜ், ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ், இப்போதெல்லாம் காப்பர் கார்ட்ரிட்ஜ். மனிதருக்குச் செம்பு நல்லது என்று விற்கப்படும் அந்தத் தண்ணீர் இறாலையும் நத்தையையும் தீர்த்துக்கட்டும், மீனுக்கும் நல்லதில்லை. மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு, கார்ட்ரிட்ஜுகளுக்கு முன்னாலேயே எடுங்கள். டிடிஎஸ் அட்ஜஸ்டர் இருந்தால் அது பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகுதான், முழுக்க மூடுங்கள். கருவியை ஓட்டியதும் முதலில் வரும் ஒரு லிட்டரில் டிடிஎஸ் கூடுதலாக இருக்கும், கொட்டிவிடுங்கள்.

75 ஜிபிடி (நாளுக்கு 75 காலன்) மெம்பிரேன் மணிக்குச் சுமார் 10 முதல் 12 லிட்டர் தரும். 40 லிட்டருக்கு நாலு மணி நேரம், கூடவே சாதாரணக் கருவிகளில் 120 லிட்டர் வரை கழிவு நீர். அது வீடு துடைக்க ஆகும், தொட்டிக்கு ஆகாது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கிற வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்கஸ் ஆசையை வளர்க்க வேண்டும்.

ஆர்ஓ வெளிவரும் டிடிஎஸ்ஸை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். உள்ளே 1,000 போய் 60 வந்தது 200 ஆகிவிட்டால் மெம்பிரேன் போய்விட்டது. கார்பன் பில்டரைக் காலத்தில் மாற்றாவிட்டால் குளோரின் மெம்பிரேனை அரித்து இந்த நாளைச் சீக்கிரம் வரவழைக்கும். கேன் தண்ணீர் வாங்குபவர்கள் ஒவ்வொரு கேனையும் அளக்க வேண்டும். கம்பெனி மாறினால் டிடிஎஸ் மாறும், ஒரே கம்பெனியிலும் மாறுவதுண்டு.

ஆவியாகும் தண்ணீருக்கு மட்டும் ஆர்ஓ

குழாய்த் தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கும் ஆர்ஓ பயன்படுகிற இடம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 1 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே இருக்கும். அந்த இடத்தை 800 டிடிஎஸ் தண்ணீரால் நிரப்பினால் தினம் 8 ஏறும், மாதம் 240. தொட்டி விளிம்பில் வெள்ளைக் கோடு கட்டுவது இதன் அடையாளம். ஆவியானதை ஆர்ஓவால் நிரப்புங்கள், வாராந்திர மாற்றத்துக்குக் குழாய்த் தண்ணீரை வையுங்கள். இந்த வேலைக்கு வாரம் ஒரு கேனே தாராளம்.

மழைநீரும் இதற்கு ஆகும். ஐப்பசியில் முதல் அரை மணி மழையை விட்டுவிட்டு, கழுவிய மாடியிலிருந்து பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கலாம். தகரக் கூரை வழியே வந்தால் துத்தநாகம் கலந்திருக்கும், வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுவதும் தாதுக்கள் இல்லாத நீர்தான், ஆனால் செம்பு, அலுமினியக் காயிலையும், சர்வீஸ்காரர் அடித்த கெமிக்கலையும் தழுவிக்கொண்டு வருகிறது. செடிக்கு ஊற்றுங்கள்.

பிஎச் டவுன் மருந்து, வாதங்கொட்டை மர இலை இரண்டும் கேஎச் 10 உள்ள தண்ணீரில் பிஎச்சை இறக்கி வைக்காது. மருந்து இரண்டு நாள் இறக்கும், மூன்றாம் நாள் திரும்ப ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். இலையின் கஷாய நிறமும் டானினும் பைட்டருக்கு நல்லது, அதற்காகப் போடுவதில் தவறில்லை. பிஎச் இறங்க வேண்டுமானால் முதலில் ஆர்ஓவால் கேஎச்சை இறக்குங்கள்.

மாற்றும் வேகம்

எந்தத் தண்ணீரிலிருந்து எதற்கு மாறினாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் போதும். புது மீன் வாங்கும்போது கடைப் பையில் டிடிஎஸ் பேனாவை வைத்துப் பாருங்கள். உங்கள் தொட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் 200-க்கு மேல் என்றால் மெல்லிய குழாயில் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரம் பழக்குங்கள்.

சென்னை மாநகராட்சித் தண்ணீர் ஆண்டு முழுக்க ஒரே தண்ணீர் என்று எண்ண வேண்டாம். புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், வீராணம், நெம்மேலியின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் என்று மூலம் பல. ஏரி வற்றினால் உங்கள் தெருவுக்கு வருவதும் மாறலாம். ஒவ்வொரு முறை வாளி பிடிக்கும்போதும் பேனாவை நனைப்பது ஐந்து வினாடி வேலை.

மூன்று நான்கு மாதம் தண்ணீரே மாற்றாமல், ஆர்ஓவால் நிரப்பி மட்டும் ஓட்டிய தொட்டியில் அவசரம் கூடாது. பிஎச் 6, கேஎச் 0 என்று கிடக்கும் அந்தத் தண்ணீரில் அமோனியா சேர்ந்திருக்கும், அமில நீரில் அது பெரும்பாலும் தீங்கற்ற அமோனியமாகத்தான் இருக்கும். தவறை உணர்ந்து பிஎச் 8 குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் பிஎச் ஏற ஏற அது நச்சு அமோனியாவாக மாறும். பிஎச் 6-லிருந்து 8-க்குப் போனால் நச்சுப் பங்கு ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. முதலில் அமோனியாவை அளந்து பாருங்கள். தீனியை நிறுத்துங்கள். தினம் 5 சதவீதம் மட்டும் மாற்றி, பில்டரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போடுங்கள். கேஎச் ஒரு வாரத்தில் 2 டிகிரி ஏறினால் போதும். அமோனியா பூஜ்யம் காட்டிய பிறகு 10 சதவீதத்துக்குப் போகலாம்.